அட்சக்கோடு, தீர்க்கக்கோடு கொண்டு வரைபடத்தில் ஓர் இடத்தைக் கண்டறிதல்: முழுமையான வழிகாட்டி

ஓர் இடத்தின் அட்ச, தீர்க்க அளவுகள் கையில் இருந்தால், அந்த இடத்தை அட்லஸிலும், இந்திய நில அளவைத் துறை வெளியிடும் டோப்போ ஷீட் எனப்படும் தலப்படத் தாளிலும், கைபேசியிலும் பிழையின்றிக் குறிப்பதற்கான வழிமுறையே இது. கோடுகளின் பெயர்களும் வரையறைகளும் பெரும்பாலோருக்குத் தெரிந்திருக்கின்றன. ஆனால் ஒரு தாளை விரித்து வைத்து, “9°55' வடக்கு எங்கே? விரலை வையுங்கள்” என்றால் விரல் தயங்குகிறது. படிகளை வரிசை மாற்றிச் செய்வதுதான் அந்தத் தயக்கத்துக்குப் பெரும்பாலும் காரணம். அளப்பதற்கு முன் கட்டத்தைத் தேட வேண்டும். கட்டத்தைத் தேடுவதற்கு முன் எண்ணைச் சரியாகப் படிக்க வேண்டும்.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே எடுத்துக்காட்டைப் பயன்படுத்துவோம்: மதுரை மீனாட்சி அம்மன் கோயில், 9°55'10" வடக்கு, 78°07'10" கிழக்கு.

1. தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

கோடுகள் அச்சிடப்பட்ட ஓர் அட்லஸ், 30 செ.மீ. நீளமுள்ள ஸ்கேல், கூர்மையான பென்சில், அழிப்பான், மூலைமட்டம் ஆகியவை போதும். 15 செ.மீ. ஸ்கேல் போதாது, அதன் காரணம் ஏழாம் படியில் விளங்கும். பேனாவைத் தொட வேண்டாம், ஏனெனில் முதல் முறை வரையும் கோடு பெரும்பாலும் அழிக்கப்பட வேண்டியதாகவே இருக்கும்.

தாளைத் தொடுவதற்கு முன், அதன் ஓரங்களில் அச்சாகியுள்ள எண்களை ஒரு முறை சுற்றிப் பார்த்துவிடுங்கள். இடது, வலது ஓரங்களில் இருப்பவை அட்ச எண்கள். மேல், கீழ் ஓரங்களில் இருப்பவை தீர்க்க எண்கள். இலங்கைப் பாடநூல்களில் பயின்றவர்கள் இவற்றை அகலாங்கு, நெட்டாங்கு என்று கொள்ளலாம், முறை ஒன்றே.

2. இரண்டு எண்களில் எது எது என்று முதலில் தீர்மானித்தல்

இணையாகத் தரப்படும் இரண்டு எண்களில் அட்சம் முதலிலும் தீர்க்கம் அடுத்தும் வருவது பொது வழக்கம். வழக்கத்தை நம்பினாலும், எண்ணின் அளவைக் கொண்டும் ஒரு முறை சோதிக்க வேண்டும். அட்சம் நிலநடுக்கோட்டில் 0° தொடங்கித் துருவங்களில் 90° உடன் முடிந்துவிடுகிறது. தீர்க்கமோ கிரீன்விச் வழியாகச் செல்லும் முதன்மைத் தீர்க்கக்கோட்டிலிருந்து கிழக்கே 180°, மேற்கே 180° வரை செல்லும். ஆகவே 90-ஐத் தாண்டிய எண் அட்சமாக இருக்கவே முடியாது.

தமிழ்நாட்டுக்குள் இந்தச் சோதனை இன்னும் எளிது. மாநிலம் 8°4' முதல் 13°35' வடக்கு வரையிலும், 76°18' முதல் 80°20' கிழக்கு வரையிலும் பரவியுள்ளது. சிறிய எண் அட்சம், பெரிய எண் தீர்க்கம் என்று இங்கே கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். ஆனால் இதை எல்லா நாடுகளுக்கும் பொருந்தும் விதியாக மனத்தில் பதித்துக்கொள்ளக் கூடாது: லண்டனில் அட்சம் 51°-ஐத் தாண்டியும் தீர்க்கம் 0°-ஐ ஒட்டியும் இருக்கின்றன.

இரண்டையும் இடம் மாற்றினால் என்ன ஆகும் என்பதைப் பார்த்துவிடுவது நல்லது. மீனாட்சி கோயிலின் எண்களை மாற்றி 78° வடக்கு, 9°55' கிழக்கு என்று தேடினால், நார்வேக்குரிய ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு மேற்கே, ஆர்க்டிக் கடல் நீரில் போய் நிற்போம்.

இந்தப் படியில் ஆழமான குழப்பம் ஒன்று உண்டு. அட்சக்கோடு வரைபடத்தில் இடமிருந்து வலமாக ஓடுகிறது. ஆனால் அது தெரிவிப்பது ஓர் இடம் எவ்வளவு மேலே அல்லது கீழே இருக்கிறது என்பதை. தீர்க்கக்கோடு மேலிருந்து கீழாக ஓடுகிறது; அது தெரிவிப்பதோ இட, வல நிலையை. கோடு ஓடும் திசையிலேயே எண்ணும் கூடும் என்று எண்ணிக்கொண்டு, அட்ச எண்ணைத் தாளின் கீழ் ஓரத்தில் தேடுபவர்கள் பலர். கோடு ஓடும் திசைக்குக் குறுக்கே நகரும்போதுதான் எண் மாறுகிறது என்று பிடித்துக்கொண்டால் இந்தக் குழப்பம் திரும்ப வராது.

3. திசையை எண்ணோடு சேர்த்தே எழுதுதல்

வடக்கா தெற்கா, கிழக்கா மேற்கா என்பது எண்ணுக்கு அணிகலன் அன்று. எண்ணின் பாதி அதுதான். நாம் வாழும் பகுதியில் எப்போதும் வடக்கும் கிழக்குமே வருவதால், திசையை எழுதாமல் விடும் பழக்கம் எளிதில் ஒட்டிக்கொள்கிறது.

தமிழர் பெருமளவில் வாழும் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரை எடுத்துக்கொள்வோம். அது 29°53' தெற்கு, 31°03' கிழக்கில் உள்ளது. தெற்கு என்ற சொல்லை விட்டுவிட்டு வடக்கில் தேடினால், அதே எண்கள் எகிப்தில், கெய்ரோவுக்குத் தென்மேற்கே உள்ள பாலைவனத்தைக் காட்டும். கண்டம் மாறவில்லை என்பதால் பிழை நடந்திருப்பதுகூட உடனே புலப்படாது.

கருவிகளும் மென்பொருள்களும் திசைச் சொல்லுக்குப் பதிலாகக் கழித்தல் குறியைப் பயன்படுத்துகின்றன: தெற்கு அட்சமும் மேற்குத் தீர்க்கமும் கழித்தல் எண்கள். கழித்தல் குறியையும் திசைச் சொல்லையும் ஒருங்கே எழுதக் கூடாது. எழுதினால், எதிர்மறை இரு முறை சொல்லப்பட்டதா என்ற ஐயம் படிப்பவருக்கு எழும். நோட்டுப் புத்தகத்தில் திசையை முழுச் சொல்லாக எழுதுவதே என் பரிந்துரை. அவசரத்தில் கிறுக்கிய ஒற்றை எழுத்துச் சுருக்கம் ஒரு மாதம் கழித்து எழுதியவருக்கே விளங்காமல் போகும்.

4. விநாடிக் கணக்கையும் தசமக் கணக்கையும் கலக்காதிருத்தல்

ஒரு டிகிரிக்கு 60 நிமிடம். ஒரு நிமிடத்துக்கு 60 விநாடி. அட்லஸும் தலப்படத் தாளும் இந்த முறையில் எண்களைத் தருகின்றன. கைபேசி பெரும்பாலும் தசம முறையில் தருகிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் கணக்கு எளியதே. இருந்தும் மொத்த வேலையிலும் மிகுதியான பிழைகள் இங்கேதான் நேர்கின்றன.

நிமிடத்தை 60-ஆலும் விநாடியை 3,600-ஆலும் வகுத்து டிகிரியுடன் கூட்ட வேண்டும். 9°55'10" என்பது 9 + 0.91667 + 0.00278, அதாவது ஏறத்தாழ 9.9194. அதேபோல் 78°07'10" என்பது 78.1194.

புதியவர்கள் செய்வது என்னவென்றால், டிகிரிக் குறியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் புள்ளி வைத்து, 9.5510 என்றும் 78.0710 என்றும் எழுதிவிடுவது. இந்த எண்களும் தமிழ்நாட்டுக்குள்ளேயே விழுவதால் எந்தச் செயலியும் எச்சரிக்கை தராது. அருப்புக்கோட்டைக்கு அருகில், கோயிலிலிருந்து சுமார் 40 கி.மீ. தெற்கே அமைதியாகக் கொண்டுபோய் நிறுத்தும்.

மூன்றாவது எழுத்து முறை ஒன்றும் புழக்கத்தில் உள்ளது: நிமிடத்தையே தசமமாக எழுதுவது. கையடக்க ஜிபிஎஸ் கருவிகள் பலவற்றில் கோயிலின் அட்சம் 9°55.167' என்று தோன்றும். இதை 55 நிமிடம், 16.7 விநாடி என்று படித்தால் ஏறத்தாழ 200 மீட்டர் வடக்கே தள்ளிப்போவோம். புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணை 60-ஆல் பெருக்கினால்தான் விநாடி கிடைக்கும்: 0.167 × 60 = 10.

தசமத்திலிருந்து திரும்பி வருவதும் அதே வழிதான். 78.1194-இல் 0.1194-ஐ 60-ஆல் பெருக்க 7.164 கிடைக்கிறது, 7 நிமிடம் போக மீதி 0.164-ஐ மீண்டும் 60-ஆல் பெருக்க 9.8, அதாவது 10 விநாடி. மாற்றிய எண்ணை ஒரு முறை திருப்பி மாற்றிப் பார்த்துவிட்டே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும்.

5. அட்லஸில் நான்கு கோடுகளாலான கட்டத்தைக் கண்டறிதல்

இப்போதுதான் வரைபடத்துக்கு வருகிறோம். முதலில் கோடுகள் எத்தனை டிகிரி இடைவெளியில் வரையப்பட்டுள்ளன என்று பாருங்கள். இந்திய வரைபடங்கள் பலவற்றில் 8°, 12°, 16° என நான்கு டிகிரிக்கு ஒன்றாக அட்சக்கோடுகளும், 68°, 72°, 76°, 80° எனத் தீர்க்கக்கோடுகளும் இருக்கும். மாநில வரைபடத்தில் ஒரு டிகிரிக்கு ஒன்றாக இருக்கலாம்.

இடைவெளியைக் கணிக்கும்போது, வழக்கமான வரிசையில் சேராத இரண்டு கோடுகளை ஒதுக்கிவிட வேண்டும். ஒன்று 23°30' வடக்கில் செல்லும் கடகரேகை. மற்றொன்று இந்தியத் திட்ட நேரத்துக்கு அடிப்படையான 82°30' கிழக்குத் தீர்க்கக்கோடு. இவை பெரும்பாலும் விட்டுவிட்டு வரையப்பட்ட கோடுகளாக இருக்கும். இவற்றையும் வரிசையில் சேர்த்து எண்ணுபவர், அவற்றுக்கு அப்பாலுள்ள எல்லா இடங்களையும் ஒரு கட்டம் தள்ளியே குறிப்பார்.

அடுத்து, நம் எண்ணுக்கு இருபுறமும் உள்ள கோடுகளைத் தேட வேண்டும். நான்கு டிகிரி இடைவெளியுள்ள இந்திய வரைபடத்தில், கோயிலின் அட்சம் 8°-க்கும் 12°-க்கும் இடையில் வருகிறது. தீர்க்கம் 76°-க்கும் 80°-க்கும் இடையில். இந்த நான்கு கோடுகளும் சேர்ந்து அடைக்கும் கட்டத்தைப் பென்சிலால் மெல்லச் சுற்றிக்கொள்ளுங்கள். நமக்குரிய புள்ளி இந்தக் கட்டத்தை விட்டு வெளியே போக முடியாது என்பது உறுதியாகிவிட்டதால், பின்னால் அளப்பதில் பிழை நேர்ந்தாலும் அது பெரும் பிழையாகாது.

ஸ்கேலை எடுப்பதற்கு முன் கண்ணால் ஒரு முறை மதிப்பிடுங்கள். 9°55' என்பது 8°-க்கும் 12°-க்கும் ஏறத்தாழ நடுவில். 78°07' என்பதும் 76°-க்கும் 80°-க்கும் ஏறத்தாழ நடுவில். ஆகவே இந்தக் கட்டத்தின் மையத்தில் மதுரை இருக்க வேண்டும். ஒரு டிகிரி இடைவெளியுள்ள தமிழ்நாட்டு வரைபடத்திலோ அதே மதுரை, 9°-10°, 78°-79° கட்டத்தின் மேல் இடது மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும். இந்த மதிப்பீட்டைத் தாளின் ஓரத்தில் ஓரிரு சொற்களில் எழுதிவைத்தால், அளந்து கிடைக்கும் விடையை ஒப்பிட உதவும்.

இந்தப் படியில் மூன்று கவனங்கள் தேவை. முதலாவது, எண்கள் எந்தப் பக்கம் கூடுகின்றன என்பது. வடக்கு அட்சம் மேல்நோக்கிக் கூடும். தெற்கு அட்சம் கீழ்நோக்கிக் கூடும். கிழக்குத் தீர்க்கம் வலப்புறமும், மேற்குத் தீர்க்கம் இடப்புறமும் கூடும். டர்பனைத் தேடும்போது 29°-க்கு மேலே 30° இருக்கும் என்று நம் பழக்கம் சொல்லும். அங்கே அது கீழே இருக்கிறது.

இரண்டாவது, பெரும்பரப்பைக் காட்டும் வரைபடங்களில் அட்சக்கோடுகள் வில்போல வளைந்திருக்கும். இடது ஓரத்து 20°-யையும் வலது ஓரத்து 20°-யையும் ஸ்கேலால் நேராக இணைத்தால், நடுப்பகுதியில் அந்தக் கோடு உண்மையான அட்சக்கோட்டை விட்டு விலகிவிடும். அச்சிட்ட கோட்டை விரலால் பின்தொடர்ந்தே செல்ல வேண்டும்.

மூன்றாவது, உள்படங்கள். அலாஸ்காவையும் ஹவாயையும் அமெரிக்க வரைபடத்தின் மூலையில் தனிப்பெட்டியில் அச்சிடுவார்கள். பெரிய வரைபடத்தின் ஓர எண்கள் அந்தப் பெட்டிக்குப் பொருந்தா. பெட்டிக்கென்று தனி எண்கள் இருந்தால் மட்டுமே அதில் அளக்கலாம்.

அட்லஸின் பின்பக்கப் பெயர் அட்டவணையில் எழுத்தும் எண்ணுமாக இணைத்துத் தரப்படும் கட்டக் குறி அட்ச-தீர்க்க அளவு அன்று என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது அந்தப் பக்கத்துக்கு மட்டுமே உரிய விலாசம். பக்கம் மாறினால் குறியும் மாறிவிடும்.

6. தலப்படத் தாளை எண்ணைக் கொண்டே தேர்ந்தெடுத்தல்

அட்லஸில் மதுரை ஒரு புள்ளி. கோயிலின் கோபுரத்தையும் தெப்பக்குளத்தையும் தனித்தனியாகக் காண வேண்டுமானால் 1:50,000 அளவையுள்ள தலப்படத் தாள் வேண்டும். அதில் 2 செ.மீ. என்பது நிலத்தில் 1 கி.மீ. எந்தத் தாள் என்பதை ஊர்ப்பெயரைக் கொண்டு தேடுவதைவிட, அட்ச-தீர்க்க அளவைக் கொண்டு கணக்கிடுவதே உறுதியானது. ஏனெனில் ஒரே ஊர் இரண்டு, மூன்று தாள்களில் பிளவுபட்டுக் கிடப்பது வழக்கம்.

பழைய வரிசை எண் முறை இவ்வாறு அமைந்துள்ளது. நான்கு டிகிரிக்கு நான்கு டிகிரி பரப்பு ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. 8°-12° வடக்கு, 76°-80° கிழக்குப் பரப்பின் எண் 58. அதைப் பதினாறு ஒரு-டிகிரிக் கட்டங்களாகப் பிரித்து, ஆங்கில எழுத்துகளான ‘ஏ’ (A) முதல் ‘பி’ (P) வரை பதினாறையும் வரிசையாக இடுகிறார்கள். வடமேற்கு மூலையில் தொடங்கி, மேலிருந்து கீழாக நான்கு. பிறகு அடுத்த நெடுவரிசையின் மேலிருந்து மீண்டும் நான்கு. வலப்புறமாக எழுதிக்கொண்டு போவதுதான் இங்கே வழக்கமாக நேரும் பிழை.

மதுரைக்குரிய 9°-10°, 78°-79° கட்டம் மூன்றாம் நெடுவரிசையில் மூன்றாவது. அதன் எழுத்து ‘கே’. இந்த ஒரு-டிகிரிக் கட்டத்தை மீண்டும் 15 நிமிடக் கட்டங்களாகப் பதினாறாகப் பிரித்து, அதே மேல்-கீழ் வரிசையில் 1 முதல் 16 வரை எண்ணிடுகிறார்கள். 9°45'-10°00', 78°00'-78°15' என்பது வடமேற்கு மூலை, எண் 1. ஆகவே நமக்குரிய தாள் 58 கே/1.

அழகர் கோயில் மதுரைக்கு மிக அருகில்தானே என்று அதே தாளில் தேடினால் கிடைக்காது. அது 10°-க்கு வடக்கே இருப்பதால், மேலுள்ள 58 ஜே/4 தாளுக்குப் போய்விடுகிறது. சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வரும் வழியை வரைபடத்தில் பார்க்க விரும்புபவர் இரண்டு தாள்களையும் ஒட்டித்தான் ஆக வேண்டும். சென்னையும் அப்படியே: மேற்குப் பகுதியான அம்பத்தூர் 66 சி/4-இல் வர, 80°15'-க்குக் கிழக்கே உள்ள கடற்கரைப் பகுதி 66 சி/8-க்குள் விழுகிறது.

7. கட்டத்துக்குள் விகிதப்படி அளத்தல்

58 கே/1 தாளில் 5 நிமிட இடைவெளியில் கோடுகள் செல்கின்றன. கோடு மங்கியிருந்தால், எதிரெதிர் ஓரங்களில் உள்ள ஒரே எண்ணின் குறிகளைப் பென்சிலால் இணைத்துக்கொள்ளலாம். இந்த அளவையில் வளைவு பொருட்படுத்தத் தக்கதன்று. நமக்குரிய சிறு கட்டம் 9°55'-10°00', 78°05'-78°10'.

சில தாள்களில் செந்நிறத்தில் நெருக்கமான சதுரக் கட்டங்களும் அச்சாகியிருக்கும். அவை நீள அலகில் தூரத்தைக் காட்டும் கட்டக்கோடுகள். அட்ச-தீர்க்கக் கோடுகள் அல்ல. அவற்றின் மேல் உள்ள எண்ணை நிமிடம் என்று படித்துவிடுவது, தாளைப் புதிதாகக் கையில் எடுப்பவர்களிடம் நான் தவறாமல் காணும் பிழை.

விகித முறையில் அளப்பது இப்படி. சிறு கட்டத்தின் உயரத்தை அளந்தால் ஏறத்தாழ 18.4 செ.மீ. வரும். அது 5 நிமிடம், அதாவது 300 விநாடி. நமக்கு வேண்டியது 9°55'-க்கு மேல் 10 விநாடி, 18.4 × 10 ÷ 300 = 0.6 செ.மீ. அகலம் ஏறத்தாழ 18.3 செ.மீ. நமக்கு வேண்டியது 78°05'-க்குப் பின் 2'10", அதாவது 130 விநாடி, 18.3 × 130 ÷ 300 = 7.9 செ.மீ. கீழ்க்கோட்டிலிருந்து 0.6 செ.மீ. மேலே, இடக்கோட்டிலிருந்து 7.9 செ.மீ. வலப்புறம் சென்றால் கோயில்.

உயரத்தையும் அகலத்தையும் தனித்தனியாக, அதே தாளிலேயே அளக்க வேண்டும் என்பதை வலியுறுத்திச் சொல்கிறேன். மேலே தந்த 18.4, 18.3 ஆகியவற்றை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஜெராக்ஸ் எடுத்த தாள் சற்றுச் சுருங்கியோ விரிந்தோ இருக்கும். மழைக்காலத்தில் அசல் தாளே கொஞ்சம் மாறும். விகிதத்தைப் பயன்படுத்தும் வரை இந்த மாற்றம் விடையைப் பாதிப்பதில்லை. ‘2 செ.மீ.க்கு 1 கி.மீ.’ என்ற அளவையை மட்டும் நம்பி அளப்பவரின் புள்ளி, ஜெராக்ஸ் தாளில் பிசகும்.

பெருக்கலும் வகுத்தலும் இல்லாத வழி ஒன்று உண்டு, 30 செ.மீ. ஸ்கேல் கேட்டதன் காரணம் அதுதான். 30 செ.மீ. என்பது 300 மில்லிமீட்டர். 5 நிமிடம் என்பது 300 விநாடி. ஸ்கேலைச் சாய்த்து, அதன் 0 குறி சரியாக 9°55' கோட்டின் மேலும், 30 குறி சரியாக 10°00' கோட்டின் மேலும் படும்படி வைத்தால், ஸ்கேலில் ஒவ்வொரு மில்லிமீட்டரும் ஒரு விநாடி ஆகிவிடும். 10 விநாடிக்கு 1.0 செ.மீ. குறியின் அருகே ஒரு புள்ளி வையுங்கள். ஸ்கேலை அதே சாய்வில் பக்கவாட்டில் நகர்த்தி, மீண்டும் 0-வையும் 30-ஐயும் அதே கோடுகளில் பொருத்தி, இன்னொரு புள்ளி வையுங்கள். இரண்டையும் இணைத்தால் கிடைப்பது 9°55'10" அட்சக்கோடு.

தீர்க்கத்துக்கும் அப்படியே. 0 குறியை 78°05' கோட்டிலும் 30 குறியை 78°10' கோட்டிலும் படும்படி சாய்த்து, 13.0 செ.மீ. குறியில் புள்ளி வைக்க வேண்டும். 130 விநாடி அதுவே. ஸ்கேலை மேலோ கீழோ நகர்த்தி இரண்டாவது புள்ளி வைத்து இணைத்தால், அந்தக் கோடு முன்பு வரைந்த அட்சக்கோட்டை வெட்டும் இடமே கோயில்.

சாய்த்து வைக்கும் இந்த முறையில் கவனிக்க வேண்டியவை இரண்டு. பிளாஸ்டிக் ஸ்கேல்களில் விளிம்புக்கும் 0 குறிக்கும் இடையே சிறு இடைவெளி இருக்கும். கோட்டின் மேல் பட வேண்டியது 0 குறியே, விளிம்பு அன்று. மேலும், எண் கூடும் பக்கம் 30 குறி இருக்க வேண்டும். தலைகீழாக வைத்தால் 10 விநாடிக்குப் பதில் 290 விநாடியில் புள்ளி விழும். ஐந்தாம் படியில் செய்ததுபோல இந்தச் சிறு கட்டத்துக்கும் கண்ணால் மதிப்பிட்டு வைத்தால், அது இந்தப் பிழையை உடனே காட்டிக்கொடுக்கும்.

புள்ளி கோபுரக் குறியீட்டின் மேல் துல்லியமாக விழாமல் 2, 3 மில்லிமீட்டர் விலகினால் கலங்க வேண்டாம். பழைய தாள்கள் 1830-ஆம் ஆண்டின் எவரெஸ்ட் நீள்கோளத்தை அடிப்படையாகக் கொண்டவை. கைபேசியும் ஜிபிஎஸ் கருவியும் டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற அடிப்படையில் எண் தருகின்றன. பூமியின் வடிவத்துக்கு இரண்டும் வெவ்வேறு மாதிரிகளைக் கொள்வதால், ஒரே இடத்துக்கு இரண்டும் தரும் எண்களிடையே நூறு மீட்டரும் அதற்கு மேலும் வேறுபாடு உண்டு. எந்த அடிப்படை என்பது தாளின் ஓரக் குறிப்பில் இருக்கும். அளப்பதற்கு முன் அதைப் படித்துவிட வேண்டும்.

8. புள்ளியிலிருந்து எண்ணைப் படித்தல்

இது ஏழாம் படியின் மறுதலை. புள்ளிக்குக் கீழுள்ள அட்சக்கோட்டையும் இடப்புறமுள்ள தீர்க்கக்கோட்டையும் அடிப்படையாகக் கொண்டு, ஸ்கேலைச் சாய்த்து, புள்ளி எந்த மில்லிமீட்டரில் விழுகிறது என்று படித்து, அந்த விநாடிகளை அடிப்படைக் கோட்டின் எண்ணோடு கூட்ட வேண்டும். அருகில் இருக்கிறதே என்று மேற்கோட்டிலிருந்து அளந்தால் கழிக்க வேண்டும்; அளந்தது அங்கிருந்து, ஆனால் கூட்டியது வழக்கப்படி, என்ற பிழை இதனால் வருவது. எப்போதும் சிறிய எண்ணுள்ள கோட்டிலிருந்தே அளப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை தசமம் வரை எழுதலாம் என்பதைப் பென்சில் முனைதான் தீர்மானிக்கிறது. அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள புள்ளி 1:50,000 தாளில் நிலத்தின் 25 மீட்டரை மூடிவிடுகிறது. அது ஏறத்தாழ ஒரு விநாடி. அந்தத் தாளிலிருந்து விநாடியின் பின்னத்தைப் படித்தேன் என்று எவரேனும் எழுதினால் நம்ப வேண்டியதில்லை. 1:40,00,000 அளவையுள்ள அட்லஸ் பக்கத்தில் ஒரு மில்லிமீட்டரே 4 கி.மீ.; அங்கே நிமிடத்தோடு நிறுத்திக்கொள்வது முறை.

9. தூரத்தைக் கொண்டு சரிபார்த்தல்

புள்ளி வைத்ததும் வேலை முடிந்தது என்று தாளை மடித்துவிடக் கூடாது. நன்கு தெரிந்த இன்னோர் இடத்திலிருந்து தூரத்தைக் கணக்கிட்டுப் பார்த்தால், முன் படிகளில் நேர்ந்த பெரும்பாலான பிழைகள் வெளிப்பட்டுவிடும்.

ஒரு டிகிரி அட்சம் எங்கும் ஏறத்தாழ 111 கி.மீ.; ஒரு நிமிடம் 1.85 கி.மீ.; ஒரு விநாடி 31 மீட்டர். தீர்க்கம் அப்படியன்று. தீர்க்கக்கோடுகள் துருவங்களில் கூடுவதால், வடக்கே அல்லது தெற்கே செல்லச் செல்ல அவற்றுக்கிடையிலான தூரம் குறைகிறது. நிலநடுக்கோட்டில் ஒரு டிகிரித் தீர்க்கம் 111 கி.மீ.; மதுரையில் 109.6, சென்னையில் 108.4; டெல்லியில் 98; லண்டனில் 69; 60° அட்சத்தில் 56. 111.3-ஐ அந்த அட்சத்தின் கொசைனால் பெருக்கினால் இந்த எண்கள் கிடைக்கும். தமிழ்நாட்டு வரைபடத்தில் கட்டங்கள் ஏறத்தாழ சதுரமாகவே தோன்றுவதால், எங்கும் அப்படித்தான் என்ற தவறான எண்ணம் நம்மவர்களுக்கு எளிதில் ஏற்படுகிறது.

மதுரையிலிருந்து திருச்சிராப்பள்ளியைக் கொண்டு சோதிப்போம். திருச்சி 10.79° வடக்கு, 78.70° கிழக்கு. அட்ச வேறுபாடு 0.87°, அதாவது 96 கி.மீ. தீர்க்க வேறுபாடு 0.58°, அதாவது 64 கி.மீ. இரண்டையும் செங்கோண முக்கோணத்தின் பக்கங்களாகக் கொண்டால் நேர்க்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 115 கி.மீ. சாலைத் தூரம் இதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும், இருக்கிறது. கணக்கிட்ட நேர்த்தூரம் சாலைத் தூரத்தை விஞ்சினால் எண்ணில் எங்கோ பிழை என்று பொருள். நான்காம் படிக்குத் திரும்புங்கள்.

10. கைபேசியிலும் கணினியிலும்

கூகுள் மேப்ஸ் தேடல் பெட்டியில் 9.9194, 78.1194 என்று அட்சம் முதலாகத் தட்டச்சிட்டால் அந்த இடம் தோன்றும். தசமப் புள்ளிக்குப் புள்ளியும், இரண்டு எண்களைப் பிரிக்கக் காற்புள்ளியும் இட வேண்டும். திரையில் ஓரிடத்தை விரலால் அழுத்திப் பிடித்தால், அவ்விடத்தின் எண்கள் காட்டப்படும்.

நான்காம் தசமம் ஏறத்தாழ 11 மீட்டர். ஐந்தாம் தசமம் 1.1 மீட்டர். களக் குறிப்பேட்டுக்கு ஐந்து தசமம் போதும். திரை காட்டுகிறதே என்று அதற்கு மேலுள்ள எண்களையும் நகலெடுப்பதால் துல்லியம் கூடுவதில்லை.

கணினியில் வரைபடக் கோப்பு உருவாக்குபவர்கள் இரண்டாம் படியை மறுபடியும் நினைவுகூர வேண்டும். கே.எம்.எல்., ஜியோஜேசன் ஆகிய கோப்பு வடிவங்களில் தீர்க்கம் முதலிலும் அட்சம் பின்னும் வருகின்றன. மென்பொருள்களில் கிடைமட்ட அச்சை முதலில் கேட்பதும் இதே காரணத்தால்தான்: கிடைமட்டமாக மாறுவது தீர்க்கம்.

தமிழ்நாட்டு இடங்களின் பட்டியலைத் தயாரிப்பவர், அட்ச நெடுவரிசையை ஏறுவரிசையில் அடுக்கிப் பார்த்தால் போதும். அதில் 8-க்குக் குறைந்ததோ 14-க்கு மிகுந்ததோ இருக்கக் கூடாது. தீர்க்க நெடுவரிசையில் 76-க்குக் குறைந்ததோ 81-க்கு மிகுந்ததோ இருக்கக் கூடாது. இடம் மாறிய எண்கள் அனைத்தும் பட்டியலின் கடைசியில் போய்ச் சேர்ந்திருக்கும்.

11. பழகிப் பார்க்க

கீழ்வரும் அளவுகளை வரிசையாகத் தேடிப் பாருங்கள். ஒவ்வொன்றும் வெவ்வேறு படியைச் சோதிக்கும்.

9°40' வடக்கு, 80°01' கிழக்கு: கட்டத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்திருந்தால் யாழ்ப்பாணத்தில் இருப்பீர்கள். தீர்க்கம் 80°-கோட்டை ஏறத்தாழ ஒட்டியிருப்பதால், இடப்பக்கக் கட்டத்துக்குள் தவறி விழ வாய்ப்பு உண்டு.

0°11' தெற்கு, 78°28' மேற்கு: ஈக்வடாரின் தலைநகர் கீட்டோ. திசைகள் இரண்டும் நம் பழக்கத்துக்கு நேர்மாறானவை. கீழேயும் இடப்புறமும் எண் கூடுவதை இங்கே நன்றாக உணரலாம்.

8°05' வடக்கு, 77°33' கிழக்கு: ஊரைக் கண்டுபிடிப்பது கடினமன்று, இந்தியப் பெருநிலத்தின் தென்முனையான கன்னியாகுமரிதான். இதற்குரிய தலப்படத் தாளின் எண்ணைத் தாளைப் பார்க்காமலே கணக்கிடுங்கள். 77°-78° இரண்டாம் நெடுவரிசை, 8°-9° நான்காம் வரிசை என்பதால் எழுத்து ‘எச்’. அதற்குள் 77°30'-77°45' மூன்றாம் நெடுவரிசை, 8°00'-8°15' நான்காம் வரிசை என்பதால் எண் 12. விடை 58 எச்/12. உங்களுக்கு 15 வந்திருந்தால், மேலிருந்து கீழாக எண்ணாமல் இடமிருந்து வலமாக எண்ணியிருக்கிறீர்கள்.